மக்கப் போட்ட குருத்தோலை

2007 பிப்ரவரி 20, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்து மணிக்கு எழுந்தேன். நகராட்சித் தண்ணீர் வரும் நாள். இரண்டு டிரம்கள் நிறைந்தன, மூன்றாவது பாதியில் நின்றுவிட்டது. கணவருக்கு முதல் ஷிப்ட். இருவருக்கும் எலுமிச்சைச் சோறு கட்டினேன். கம்பெனி பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்தபோது அவர் ஒரு காலுக்குத்தான் ஷூ போட்டிருந்தார். இது தினமும் நடப்பது. குளிர் குறைந்துவிட்டதால் என் ஸ்வெட்டரைத் துவைத்து, மடித்து, பாச்சை உருண்டை போட்டு அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். நெற்றியில் திருநீறு இட்டுக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பினேன்.

பள்ளி, ஓசூரில் சிப்காட்டுக்குப் போகும் வழியில், கன்னியாஸ்திரிகள் நடத்தும் தொடக்கப் பள்ளி. நான் நான்காம் வகுப்பு ஆசிரியை. பிள்ளைகளின் வீடுகளில் பாதிக்கு மேல் மதுரை, திருநெல்வேலி, தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்கள். மீதிப் பேர் பேரிகை, உத்தனப்பள்ளியில் நிலத்தை வைத்துக்கொண்டு, படிப்புக்காக டவுனில் வீடு பிடித்தவர்கள். வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், தெருவில் கன்னடம், என்னிடம் தமிழ். கிறிஸ்தவப் பிள்ளைகள் ஒரு வகுப்புக்கு ஒரு பெஞ்சில் அடங்கிவிடுவார்கள். நானும் கிறிஸ்தவள் இல்லை. நெற்றியில் திருநீறோடுதான் வேலைக்குச் சேர்ந்தேன். யாரும் அழிக்கச் சொல்லவில்லை.

சுற்றுச்சூழல் மன்றமும் என் பொறுப்பில் இருந்தது. அதைத் தொடங்கியது தலைமை ஆசிரியையான சிஸ்டர். அவர் வருவதற்கு முன்பு பள்ளியில் சுற்றுச்சூழல் என்பது புத்தகத்தில் ஒரு பாடம் மட்டும்தான். தூங்குமூஞ்சி மரமும் தைல மரங்களும் கொட்டுகிற சருகை வாட்ச்மேன் மாலையில் என் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே குவித்துக் கொளுத்துவார். கடைசிப் பீரியட் நீதிபோதனை. பிள்ளைகள் இருமிக்கொண்டே வாய்மையைப் பற்றிப் படிப்பார்கள்.

சிஸ்டர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். வந்த முதல் வாரமே ஜன்னலருகே வந்து நின்று புகையைப் பார்த்தார்.

“மண்ணுக்குப் போக வேண்டியதை எதுக்கு மேல அனுப்புதீக?” என்று வாட்ச்மேனைக் கேட்டார்.

“குப்பைங்க சிஸ்டர்.”

“இது குப்பையா? எங்க ஊர்ல இந்த மாதிரி இலை கெடைச்சா ஒருத்தனும் வெளிய சொல்ல மாட்டான்.”

அடுத்த திங்கட்கிழமையே பள்ளி வளாகத்தில் எதையும் எரிக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. பின்பக்கம், கிறிஸ்தவக் கோயிலையும் பள்ளியையும் பிரிக்கும் குட்டைச் சுவரை ஒட்டி, இரண்டு குழிகள் வெட்டினோம். முதல் குழியை ஓராண்டு முழுக்க நிரப்பி மூடினோம். அது நன்றாக மக்கும்வரை திறக்கக் கூடாது என்பதில் சிஸ்டர் பிடிவாதமாக இருந்தார். பிறகு இரண்டாவது குழியை நிரப்பத் தொடங்கினோம். இலையைப் பொறுக்கி, விரல் நீளத்துக்கு நறுக்கி, குழியில் பரப்பி, சாணிக் கரைசல் தெளித்து, மேலே மண் தூவி, தண்ணீர் காட்ட வேண்டும். இந்த வரிசை மாறக் கூடாது.

திங்கள்தோறும் பிரார்த்தனைக்குப் பிறகு பிள்ளைகள் உறுதிமொழி சொல்வார்கள்: “காய்ந்த இலையை எரிக்க மாட்டேன். கண்ட இடத்தில் பொறுக்குவேன். நறுக்கி, நனைத்து, மண்ணுக்குத் திருப்பித் தருவேன்.” இதை எழுதிக் கொடுத்தது நான். முதலில் ‘பள்ளியில்’ என்றுதான் எழுதியிருந்தேன். ‘கண்ட இடத்தில்’ என்றால் சத்தமாகச் சொல்ல நன்றாக இருக்கும் என்று சிஸ்டர் மாற்றினார். நன்றாகத்தான் இருந்தது.

மன்றத்தில் ஒரு தண்டனையும் உண்டு. யாராவது எதையாவது எரித்தால், அவரே ஒரு மரக்கன்று நட்டு, அது தானாக நிற்கும்வரை அவரே தண்ணீர் ஊற்ற வேண்டும். முதலில் நட்டவர் வாட்ச்மேன். அடுத்து நட்டவர் சிஸ்டர். பழைய பரீட்சைத் தாள்களை கன்னியர் மடத்துக் கொல்லையில் கொளுத்தியபோது பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள். பள்ளி வளாகம் வேறு, மடம் வேறு என்று அவர் வாதாடிப் பார்த்தார். எடுபடவில்லை. அவர் நட்ட வேம்பு கேட் அருகில் இருந்தது.

வாதத்தை முறியடித்தது மன்றத் தலைவி, ஐந்தாம் வகுப்புச் சிறுமி. அப்பா ஒரு பெரிய கம்பெனியில் தரச் சோதனை செய்பவர். வருகிற உதிரிப்பாகங்களில் எதைத் திருப்பி அனுப்பலாம் என்று பார்ப்பது அவர் வேலை. மகள் எங்கள் எல்லோரையும் அந்தக் கண்ணோடுதான் பார்ப்பாள்.

அந்தப் பிப்ரவரியில் குழிகளுக்கு ஆபத்து வந்திருந்தது. பள்ளிக்கு ஒரு பழைய வேன் வாங்கியிருந்தார்கள். பங்குச் சாமியார்தான் பள்ளிக்குத் தாளாளரும். அவரை எல்லோரும் ஃபாதர் என்றே சொல்வோம். வேன் வெயிலில் நின்றால் சீட்டெல்லாம் வெடித்துவிடும், குழி இருக்கும் இடத்தில் கான்கிரீட் தளம் போட்டு ஷெட் கட்ட வேண்டும் என்பது அவர் முடிவு. குழியில் பாம்பு இருக்கிறது என்றும் சொன்னார். நவம்பரில் ஒரு சாரை வந்தது உண்மைதான். பார்த்தவர்கள் ஆளுக்கொரு நீளம் சொன்னார்கள்.

சிஸ்டர் ஏப்ரல் வரை அவகாசம் கேட்டார்.

“ரெண்டு வருசமா எரு வரும், எரு வரும்ன்றீங்க. ஒரு கூடை கண்ணால பாத்தேனா நானு?” என்றார் ஃபாதர்.

அவர் சொன்னதும் நியாயம்தான். முதல் குழியை யாரும் திறந்து பார்க்கவில்லை. ஆனால் மே மாதம் சிஸ்டருக்கு மாற்றல் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்குள் தளம் போட்டுவிட்டால் குழி இருக்காது, குழி இல்லாவிட்டால் ஜூன் மாதமே ஜன்னலுக்கு வெளியே புகை வரும். சிஸ்டர் இதை ஒருமுறைதான் சொன்னார். பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. மாலையில் குழியருகே போய் நிற்பதை மட்டும் விடவில்லை. சனிக்கிழமை ஒரு லோடு ஜல்லி வந்து குழிக்குப் பக்கத்தில் கொட்டப்பட்டது. வியாழக்கிழமை மேஸ்திரி வருவதாக ஏற்பாடு. புதன்கிழமை திருநீற்றுப் புதன், தவக்காலத்தின் முதல் நாள் என்பதால் ஃபாதர் அன்றைக்கு வேலை வைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாடு முடிந்து டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தேன். கோயில் உபதேசியார் வந்தார். பூசைக்கு வேண்டியதை எடுத்து வைப்பது, மணி அடிப்பது, ஞாயிறன்று அறிவிப்பு வாசிப்பது எல்லாம் அவர் வேலை. உள்ளூர்க்காரர். அவசரத்தில் தெலுங்கு முதலில் வரும்.

“டீச்சரம்மா, ஒரு மூட்டை இங்க வந்திச்சா?”

“என்ன மூட்டை?”

“குருத்தோலை மூட்டைங்க. பழைய ஓலை. சுவத்தோரம் வெச்சிருந்தேன். மழை இல்லியே, வெளியவே இருக்கட்டும்னு.”

பழைய ஓலை என்றால் எனக்கு விளங்கியது. போன ஆண்டு குருத்தோலை ஞாயிறன்று ஃபாதர் மந்திரித்துக் கொடுத்த தென்னங்குருத்து. கோயிலுக்குப் போகிறவர்கள் அதை வீட்டில் ஓராண்டு வைத்திருந்து திருப்பிக் கொண்டுவருவார்கள். அதை எரித்த சாம்பலைத்தான் திருநீற்றுப் புதனன்று ஃபாதர் எல்லோர் நெற்றியிலும் பூசுவார். மறுநாள் காலை ஆறு மணிப் பூசைக்கு அந்தச் சாம்பல் வேண்டும்.

மன்றத் தலைவியைக் கூப்பிட்டேன். தெளிவாகப் பதில் சொன்னாள்.

“நேத்து எங்க டர்ன் மிஸ். சுவத்தோரம் சாக்குல காஞ்ச ஓலை இருந்துச்சு. நறுக்கிப் போட்டுட்டோம்.”

“சாணிக் கரைசல்?”

“தெளிச்சோம் மிஸ்.”

“மண்?”

“தூவிட்டோம். தண்ணியும் காட்டியாச்சு.” உபதேசியார் முகத்தைப் பார்த்துவிட்டு, “சாக்கை மடிச்சு ஸ்டோர் ரூம்ல வச்சிருக்கோம்,” என்றும் சொன்னாள்.

உபதேசியார் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். அது ஒன்றாம் வகுப்புப் பெஞ்சு. முழங்கால் நெஞ்சுவரை வந்தது.

“சிலுவையா மடிச்சிருந்தாங்களேம்மா, பாக்கலியா?”

“நறுக்குறப்ப பாத்தோம் தாத்தா. மடிச்சா மக்காது, பிரிச்சுத்தான் போடணும்னு மிஸ் சொல்லியிருக்காங்க.”

சொல்லியிருந்தேன்.

ஃபாதரும் சிஸ்டரும் குழியருகே வந்தபோது கடைசிப் பீரியட் தொடங்கியிருந்தது. வாட்ச்மேன் மண்வெட்டியால் மேல் மண்ணை விலக்கினார். ஓலைத் துண்டுகள் எல்லாம் ஒரே நீளத்தில் பச்சைக் கரைசலில் ஊறிக் கிடந்தன. உபதேசியார் ஒன்றை எடுத்து உதறி, வெயிலில் பிடித்துப் பார்த்து, திரும்பவும் போட்டார். ஃபாதர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார்.

“இத எரிச்சி நெத்தியில பூசச் சொல்றீங்களா சிஸ்டர்?”

“எரியாது ஃபாதர்,” என்றார் சிஸ்டர். “ஈரம்.”

“எரியாதுன்றது எனக்கும் தெரியுது. நான் அன்னிக்கே சொன்னனா இல்லியா, இந்தக் குழி வேணாம்னு? பசங்களுக்குப் புத்தி குழியிலயே இருக்குது. இன்னிக்கு ஓலைய போட்டாங்க. நாளைக்கு என் அங்கிய காயப்போட்டா அதையும் நறுக்குவாங்க.”

“அங்கி பாலியஸ்டர் ஃபாதர். மக்காது,” என்றாள் மன்றத் தலைவி. வகுப்பில் இருக்க வேண்டியவள் எப்போது பின்னால் வந்து நின்றாள் என்று தெரியவில்லை.

“ஏட்டி, நீ கிளாசுக்குப் போ,” என்றார் சிஸ்டர்.

ஃபாதர் ஜல்லிக் குவியலைப் பார்த்தார். பிறகு குழிகளைப் பார்த்தார். “வியாழக்கிழமை மொத வேலையா ரெண்டையும் தோண்டி எடுத்துடணும். இனிமே பேச்சில்ல,” என்றார்.

சிஸ்டரின் முகம் மாறவில்லை. சிலுவைச் சங்கிலியை மட்டும் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டார். “அது வியாழக்கிழமை. மொதல்ல நாளைக்குச் சாம்பலைப் பாப்போம்,” என்றார்.

உபதேசியார் கோயிலுக்கு வருகிற வீடுகளைப் பற்றிச் சொன்னார். இரண்டு ஞாயிறு அறிவித்ததில், எல்லோரும் தங்கள் ஓலையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள். இந்த ஆண்டு ஒருவரும் மறக்கவில்லை. அதில் அவருக்கு அதுவரை பெருமை இருந்தது.

அப்போதுதான் எனக்கு எங்கள் வீட்டு மீட்டர் போர்டு ஞாபகம் வந்தது. போன ஆண்டு குருத்தோலை ஞாயிறுக்கு மறுநாள், மிஞ்சிப்போன மந்திரித்த ஓலைக் கட்டுகளை ஃபாதர் பள்ளிக்கு அனுப்பியிருந்தார். தையல் டீச்சர் அதில் சிலுவை மடிக்க எல்லா வகுப்புக்கும் கற்றுக்கொடுத்தார். ஒவ்வொரு பிள்ளையும் ஒன்று வீட்டுக்குக் கொண்டுபோனது. நானும் கொண்டுபோனேன். அது மீட்டர் போர்டுக்கு மேலே முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டியபடியே இருந்தது. அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. அறிவிப்பைக் கோயிலில் படித்தார்கள். நான் கோயிலுக்குப் போவதில்லை. எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோரும் போவதில்லை.

இதைச் சொன்னேன். ஃபாதர் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தார்.

“ஒரு வருசம் வெச்சிருப்பாங்களா, இவங்க?”

“தூக்கிப் போட மாட்டாங்க ஃபாதர்,” என்றேன். “சாமி பொருளை எப்படித் தூக்கிப் போடுறது?”

பள்ளி விடும் மணிக்கு முன்பு சிஸ்டர் மைக்கில் பேசினார். வீட்டில் ஓலைச் சிலுவை இருப்பவர்கள் ஆறு மணிக்குள் கொண்டுவரவும், பக்கத்தில் இருப்பவர்கள் மட்டும், பெரியவர்களைக் கேட்டுக்கொண்டு. எதற்காக என்று சொல்லவில்லை. மன்றத் தலைவிக்குத் தெரிந்தால் கேள்வி வரும் என்று நினைத்திருக்கலாம்.

நான் வீட்டுக்குப் போனபோது கணவர் ஷிப்ட் முடிந்து வந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு மீட்டர் போர்டை எட்டினேன்.

“அது எதுக்கு இப்போ?”

“எரிக்க.”

“உங்க ஸ்கூல்லதான் எரிக்கக் கூடாதே.”

நடந்ததைச் சொன்னேன். அவர் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் சூப்பர்வைசர். எதைச் சொன்னாலும் கம்பெனியில் விசாரிப்பது போலத்தான் விசாரிப்பார்.

“மூட்டையில டேக் கட்டியிருந்தாங்களா?”

“இல்ல.”

“இடம்? மஞ்சக் கோடு போட்ட இடத்துலயா வச்சாங்க?”

“சுவத்தோரம்.”

“டேக் இல்ல, கோடு இல்லன்னா எங்க கம்பெனில அது ஸ்கிராப்புதான். பிள்ளைங்க மேல தப்பே இல்ல. உன் ஃபாதர்கிட்ட சொல்லு.”

“நீங்களே வந்து சொல்லுங்க.”

அவர் டீயைக் குடித்தார். ஓலையை எடுத்த இடத்தில் சுவர் மட்டும் பழைய வெள்ளையில் ஒரு சிலுவையாக இருந்தது. “அதுக்கு மேல பெயின்ட் அடிக்கணும்,” என்றார். இன்றுவரை அடிக்கவில்லை.

பள்ளி கேட்டில் நான் திரும்பி வந்து நின்றபோது ஏழெட்டுப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். பிறகு பெரியவர்களும் வந்தார்கள். ஃபாதர் ஒரு இரும்புச் சட்டியோடு கேட்டருகே நின்றார். ஒரு ஆட்டோக்காரர் கண்ணாடியில் தொங்கவிட்டிருந்ததை நூலோடு அறுத்துக் கொடுத்தார். எதற்கு என்று கேட்கவில்லை. வேறு ஒன்று மாட்டிக்கொள்ளத் தருவீர்களா என்று மட்டும் கேட்டார். லேத் பட்டறை வைத்திருப்பவர் கொண்டுவந்த சிலுவை கன்னங்கரேலென்று இருந்தது. மெஷின் தலையில் ஒட்டி வைத்திருந்தாராம். ஃபாதர் முகர்ந்து பார்த்தார்.

“ஆயில் வாடை அடிக்குதே?”

“நல்லா எரியும் ஃபாதர்,” என்றார் பட்டறைக்காரர்.

ரிங் ரோட்டை ஒட்டி இன்னும் முட்டைக்கோஸ் போடுகிற ஒரு குடும்பத்து அம்மா, மகனை வண்டியின் முன்னால் உட்கார வைத்துக்கொண்டு வந்தார். ஓலையைக் கையில் வைத்திருந்தார், தரவில்லை.

“சாமி, இது எங்க மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டியில இருந்தது. இது வந்ததுல இருந்து காயில் ஒரு தடவகூட எரியல. இப்ப எடுத்துட்டா?”

“கடவுள் பாத்துக்குவாரும்மா,” என்றார் ஃபாதர்.

“கடவுள் பாத்துக்குவாரு சாமி. கரண்டுக்காரன் பாத்துக்க மாட்டானே.”

“அடுத்த மாசக் கடைசில புது ஓலை வந்துடும். உங்களுக்கு ஒண்ணு எடுத்து வெக்கறேன்.”

“அதுவரைக்கும்?”

ஃபாதர் சட்டியைக் கை மாற்றிப் பிடித்தார். அந்த அம்மா யோசித்துப் பார்த்துச் சிலுவையைப் பிரித்தார். குறுக்கு ஓலையைச் சட்டியில் போட்டார். நெட்டு ஓலையை முந்தானையில் முடிந்துகொண்டார். “பாதி உங்களுக்கு, பாதி மோட்டாருக்கு,” என்று சொல்லிவிட்டு வண்டியை உதைத்தார். ஃபாதர் சட்டிக்குள் பார்த்தபடியே நின்றார். உபதேசியார் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினார்.

ஆறு மணிக்குள் சட்டி நிறைந்துவிட்டது. சிறு பள்ளிதான், ஆனால் ஓலை வந்த வீடுகளில் அநேகமாக ஒன்றுகூடக் கோயிலுக்கு வருகிற வீடு இல்லை.

எங்கே எரிப்பது என்று பேச்சு வரவில்லை. ஃபாதர் தாமாகவே சட்டியைச் சுவருக்கு அந்தப் பக்கம், கோயில் வளாகத்துக்குள் கொண்டுபோய் வைத்தார். ஓலை கொண்டுவந்த பிள்ளைகள் வீட்டுக்குப் போகாமல் இந்தப் பக்கம் ஜல்லிக் குவியல் மேல் ஏறி நின்றார்கள். சிஸ்டரும் நானும் குழியருகே நின்றோம். ஃபாதர் சுருக்கமாக ஒரு செபம் சொல்லித் தீக்குச்சியைக் கிழித்தார். பட்டறைக்காரர் ஓலைதான் முதலில் பிடித்தது. சொன்னபடி நன்றாக எரிந்தது. கரும்புகை எழுந்து, காற்று வாகில் சுவரைத் தாண்டி எங்கள் பக்கம் வந்தது.

“ஃபாதர்,” என்றாள் மன்றத் தலைவி, ஜல்லியின் உச்சியிலிருந்து.

“இன்னாம்மா?”

“காஞ்ச ஓலைய எரிக்கிறீங்க.”

“இது திருநீற்றுக்கும்மா. குப்பை இல்ல.”

“புகை ஸ்கூல் பக்கம்தான் வருது.”

“மந்திரிச்ச புகைதான். வந்தா வரட்டும்.”

அவள் இருமிக் காட்டினாள். “எரிச்சா ஒரு கன்னு நடணும் ஃபாதர். சிஸ்டரே நட்டிருக்காங்க.”

“நான் கோயில்லதானே எரிக்கறேன்? ஸ்கூல்லயா எரிக்கறேன்?”

“சிஸ்டரும் அப்படித்தான் சொன்னாங்க.”

ஃபாதர் சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் வேப்பங்கன்று இருக்கும் பக்கம் பார்த்தார்.

ஓலை எரிந்து அடங்கியது. உபதேசியார் மடத்துச் சமையலறையிலிருந்து மாவுச் சல்லடை கொண்டுவந்தார். ஃபாதர் சாம்பலைக் கரண்டியால் கிளறி ஆறவிட்டபடி, சுவருக்கு மேலாக எங்களிடம் பேசினார். கோபம் தணிந்திருந்தது. முடிவு மாறவில்லை.

“சாம்பல் கெடைச்சிடிச்சி. சந்தோசம். ஆனா வியாழக்கிழமை வேலை வேலைதான் சிஸ்டர். குழி மண்ணை டிராக்டர்ல ஏத்திடச் சொல்லிட்டேன்.”

“எங்க கொண்டு கொட்டுவீக ஃபாதர்?”

“நகராட்சிக் குப்பை மேட்டுலதான். வேற எங்க?”

“மந்திரிச்ச ஓலையையுமா?”

கரண்டி நின்றது.

“போன வருசம் அந்தோணியார் சுரூபம் கை ஒடஞ்சு போச்சே. அதை என்ன செஞ்சீக?” என்று சிஸ்டர் கேட்டார்.

“புதைச்சேன்.”

“ஏன்?”

“மந்திரிச்ச பொருளைக் கண்ட எடத்துல போடக் கூடாது. ஒண்ணு எரிக்கணும், இல்லன்னா புதைக்கணும். உங்களுக்குத் தெரியாததா?”

“அந்த எடத்து மேல வேனை ஏத்துனான்னு டிரைவரை எம்புட்டு ஏசினீக.”

ஃபாதர் கரண்டியைச் சட்டியில் வைத்தார்.

“பாதி ஓலைய நீங்க எரிச்சிட்டீக. மீதியப் பிள்ளைக புதைச்சிட்டாக. மந்திரத்தோட. அவுகளுக்குத் தெரிஞ்ச மந்திரம்,” என்றார் சிஸ்டர். “தோண்டி எடுத்துக் குப்பை மேட்டுல போடச் சொன்னா போட்ருவோம். நீங்கதான் சொல்லணும்.”

இரண்டாவது குழியை விட்டுவிட்டு முதல் குழியில் மட்டும் ஷெட் போட்டால் வேனின் முன்பாதி வெயிலில் நிற்கும். ஃபாதர் இடத்தைக் கண்ணால் அளந்து பார்ப்பது எனக்குத் தெரிந்தது. இரண்டு முறை அளந்தார்.

“சிஸ்டர், உண்மையச் சொல்லுங்க. நீங்க சொல்லித்தான் பசங்க அந்த மூட்டையத் தூக்குனாங்களா?”

“நேத்து முழுக்க நான் கிருஷ்ணகிரியில தலைமை ஆசிரியர் கூட்டத்துல இருந்தேன் ஃபாதர். டீச்சரைக் கேளுங்க.”

ஃபாதர் என்னைப் பார்த்தார். “ஆமாம் ஃபாதர்,” என்றேன். “ஏழே காலுக்குத்தான் திரும்பி வந்தாங்க. பஸ் சூளகிரியில நின்னுபோச்சாம்.”

அவர் சாம்பலைச் சல்லடையில் போட்டுத் தட்டினார். நன்றாகச் சலித்து முடித்த பிறகுதான் பேசினார். பேச்சு எங்களிடம் இல்லை, உபதேசியாரிடம்.

“மேஸ்திரிக்குப் போன் பண்ணுங்க. வியாழக்கிழமை வர வேணாம்.”

“எப்ப வரச் சொல்லட்டும் சாமி?”

“வேனுக்குத் தார்ப்பாய் வாங்கிடலாம்,” என்றார் ஃபாதர்.

சிஸ்டர் நன்றி என்றுகூடச் சொல்லவில்லை. சொன்னால் பேச்சு மறுபடி தொடங்கும் என்று பயந்திருப்பார். பிள்ளைகளை ஜல்லியிலிருந்து இறக்கி வரிசையில் நிற்க வைத்து கேட்டுவரை கொண்டுபோனார். ஒருவனை இரண்டு முறை எண்ணினார். நான் வீட்டுக்கு வந்து தோசைக்கு மாவைக் கரைத்தேன். என் புடவையில் புகை வாடை இருந்ததாகக் கணவர் சொன்னார். மேஸ்திரி வரப்போவதில்லை என்று சொன்னேன். “டேக் விஷயத்தச் சொன்னியா?” என்றார். மறந்துவிட்டேன் என்றேன்.

மறுநாள் புதன்கிழமை, பள்ளியில் முதலில் நடந்தது பிரார்த்தனை அல்ல. காலைப் பூசையை முடித்துவிட்டு ஃபாதர் வெள்ளை அங்கியோடு சுவர்க் கதவு வழியாக வந்தார். வலது கட்டை விரல் கறுத்திருந்தது. பின்னால் உபதேசியார் ஒரு புங்கங்கன்றைப் பால் கவரோடு ஏந்தி வந்தார். மன்றத்துக் கன்றுதான். எங்களிடமிருந்து வாங்கி எங்களிடமே கொண்டுவந்தார். ஜல்லிக் குவியலுக்கு அப்பால், குழிகளுக்கு நேர் எதிரே, மன்றத் தலைவி ஓர் இடத்தை ஏற்கெனவே தோண்டி வைத்திருந்தாள். அவள் நெற்றியில் அவள் அம்மா இட்ட திருநீறு இருந்தது. பூசைக்குப் போன இரண்டு பிள்ளைகள் நெற்றியில் ஃபாதர் பூசியது இருந்தது. தூரத்திலிருந்து பார்க்க எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

சிஸ்டர் வாட்ச்மேனிடம் முதல் குழியைத் திறக்கச் சொன்னார். மேல் மண் போனதும் கறுப்பாக, உதிரியாக எரு வந்தது. அதோடு ஒரு ஸ்பூன், ஒரு காம்பஸ் பெட்டி மூடி, ஒரு சின்னச் செருப்பு. ஃபாதர் குனிந்து ஒரு கை எருவை எடுத்தார். கைக்குட்டையைத் தேடவில்லை.

“வாடையே இல்லியே,” என்றார்.

“மக்கிட்டா வராது ஃபாதர்,” என்றார் சிஸ்டர். அவர் குரல் வழக்கத்தைவிடச் சற்று உயர்ந்திருந்தது. அவர் மாற்றலாகிப் போகும்வரை அந்தக் குரலை நான் இரண்டு முறைதான் கேட்டேன்.

எருவை இட்டுக் கன்றை வைத்து ஃபாதர் மண்ணை அணைத்தார். மன்றத் தலைவி குடத்தை நீட்டினாள். ஊற்றினார்.

“இன்னொரு குடம் ஃபாதர்.”

ஊற்றினார். அங்கியின் ஓரம் நனைந்தது.

“நான் ஞாயித்துக்கெழமை பேரிகைக்குப் பூசைக்குப் போயிடுவேன். அன்னிக்கு யார் ஊத்துவாங்க?”

“நட்டவங்கதான் ஃபாதர்,” என்றாள். “போறதுக்கு முன்னாடி ஊத்திட்டுப் போங்க.”